மூத்த பிள்ளைக்கு முதல் பரிசல்

முன்னொரு காலத்தில், ராஜாவுக்குக் காலையில் தோன்றியது மத்தியானத்துக்குள் சட்டமாகிவிடுகிற ஒரு காலத்தில், ஓர் ஆற்றங்கரையில் ஒரு ராஜ்யம் இருந்தது. அதன் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் அது எங்கள் ஊர்தான் என்று நாலு பேர் கிளம்பி வருவார்கள். ராஜாவின் பெயரும் வேண்டாம். ராஜா என்றால் ராஜா, அவ்வளவுதான்.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. மழை பெய்தால் தன்னால்தான் பெய்தது என்று நினைப்பார். பெய்யாவிட்டால் பிரதானியைக் கூப்பிட்டுத் திட்டுவார். அதைத் தவிரப் பெரிய குறை ஒன்றும் இல்லை. நன்றாகச் சாப்பிடுவார், நன்றாகத் தூங்குவார். சபையில் இருந்த விகடர் ஏகாம்பரம் வாயைத் திறந்தால் போதும், வயிறு குலுங்கச் சிரிப்பார்.

ஆற்றின் எதிர்க்கரையில் வேறொரு ராஜ்யம். இரண்டு கரைக்கும் சண்டை கிடையாது. பரிசல்கள் போகும், வரும். அக்கரை ஆட்கள் இங்கே வந்து பானை வனைந்தார்கள், கிணறு வெட்டினார்கள், மோர் விற்றார்கள். இக்கரைப் பெரிய மனிதர்கள் அங்கே போய்ப் பெண் எடுத்தார்கள். உள்ளூரில் எடுத்தால் எப்படிச் சுற்றிப் பார்த்தாலும் தங்கை முறையாகிவிடுகிறது என்று அதற்கு ஒரு சாக்கு வைத்திருந்தார்கள். அக்கரைச் சீர்வரிசை கொஞ்சம் கனமாக இருக்கும் என்பதை வெளியே சொல்வதில்லை.

ராஜாவுக்கு மாறுவேடத்தில் நகர்வலம் போகும் பழக்கம் உண்டு. மாறுவேடம் என்றால் பட்டுக்குப் பதிலாகப் பருத்தி, அவ்வளவுதான். மீசை அதே மீசை. அவர் தெருமுனையில் வரும்போதே கடைக்காரர்கள் அடையாளம் கண்டுகொண்டு, யாரோ வழிப்போக்கனிடம் பேசுவதுபோல நம் ராஜாவைப் போல உண்டா என்று ஆரம்பித்துவிடுவார்கள். ராஜா மனம் குளிர்ந்து அரண்மனைக்குத் திரும்புவார்.

ஒரு நாள் வெயிலில் அலைந்த களைப்பில் கிழக்கு வீதியில் ஒரு புங்க மரத்தடியில் மோர் கேட்டார். மோர் விற்றவள் பெயர் செங்கமலம். அக்கரையில் பிறந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பிள்ளை பெற்று எழுந்து அப்போதுதான் மறுபடி பானையைத் தூக்கியிருந்தாள், மடியில் கைக்குழந்தை. வந்திருப்பது யார் என்று அவளுக்குத் தெரியாது. மண் குவளையில் மோரை ஊற்றி நீட்டினாள். ராஜா வலது கையில் அதை வாங்கிக்கொண்டு இடது கையை விரித்து நீட்டி, உப்பு கேட்டார்.

இக்கரையில் உப்பைப் பானையிலேயே கலந்துவிடுவார்கள். உள்ளங்கையில் உப்பை வாங்கி, அதை நாக்கில் தொட்டுக்கொண்டு மோர் குடிப்பது அக்கரை வழக்கம். செங்கமலத்தின் முகம் மலர்ந்துபோனது.

"அக்கரையா சாமி நீங்க? உப்பக் கையில வாங்குறது எங்க பக்கத்து ஆளுகதான். எந்த ஊரு, யாரு வீடு?"

ராஜா பதில் சொல்லாமல் குடித்து முடித்துக் காசை நீட்டினார். நம்ம ஊர் ஆளிடம் காசு வாங்குவதா என்று அவள் வாங்க மறுத்துவிட்டாள்.

இதைவிட அன்பாக அந்த ராஜாவிடம் யாரும் பேசியதில்லை. ஆனால் அவருக்கு அது அன்பாகப் படவில்லை. இந்த மண்ணின் ராஜாவைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்டுவிட்டாளே என்று இரவெல்லாம் புரண்டார். காலையில் சபைக்கு வந்ததும் மோர் குடித்த கதையை மட்டும் மறைத்துவிட்டு, அக்கரை ஆட்கள் பெருகிவிட்டார்கள், இப்படியே போனால் நம்மைப் பார்த்தே நீ யார் என்று கேட்பார்கள் என்று உறுமினார்.

சபையில் இரண்டு பேருக்கு இது பாயசமாக இனித்தது. ஒருவர் பிரதானி கேசவராயர். மற்றவர் கோட்டைக் காவலுக்கும் ஆற்றுத் துறைக்கும் பொறுப்பான தளவாய் வீரகண்டர். இருவருக்கும் ஏகாம்பரத்தைக் கண்டால் ஆகாது. பிரதானி பேசினால் ராஜா கொட்டாவி விடுவார். ஏகாம்பரம் தும்மினால்கூடச் சிரிப்பார். எத்தனை காலம்தான் ஒரு மனிதர் பொறுத்துக்கொண்டிருப்பார்?

பிரதானி அன்றே ஓலையில் ஆணையை எழுதிவிட்டார். மேலோர் கீழோர் என்ற பேதமின்றி, இம்மண்ணில் பிறவாதார் யாவரும் வரும் பௌர்ணமியன்று பொழுது சாய்வதற்குள் ஆற்றைக் கடந்து போய்விட வேண்டும். போனது திரும்பலாகாது. அக்கரையிலிருந்து எவரும் வரலாகாது. இம்மண்ணில் பிறந்தவர் அரச முத்திரையின்றி ஆற்றைக் கடக்கலாகாது. இந்தக் கடைசி வரி தளவாய் சொல்லிச் சேர்த்தது. போகிற பெண்டாட்டியோடு புருஷனும் போய்விட்டால் வயலில் யார் இறங்குவது என்பது அவர் கவலை.

எங்கே பிறந்தேன் என்று அவரவர் வாயால் சொன்னால் செல்லாது, பிறப்பை நேரில் கண்ட ஒருவர் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்றும் பிரதானி எழுதினார். ஏழைகளுக்குச் சாட்சி கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும். பிறகு எழுத்தாணியை நிறுத்தி யோசித்தார். பட்டத்து ராணி அக்கரை. ராஜமாதா அக்கரை. பிரதானியின் மனைவி, தளவாயின் மனைவி, எல்லாரும் அக்கரை. ஆகவே அரண்மனைப் பெண்களுக்கும் பெரிய வீட்டுப் பெண்களுக்கும் விலக்கு என்று ஒரு வரி. எதையும் விட்டுவைக்கவில்லை என்ற திருப்தியோடு எழுத்தாணியைக் கீழே வைத்தார்.

"இதை நிறைவேற்றும் பொறுப்பை யாரிடம் விடலாம்?" என்று ராஜா கேட்டார்.

"விகடர் ஏகாம்பரத்திடம் விடலாம், மகாராஜா," என்றார் பிரதானி. "அழுகிறவர்களைச் சிரிக்க வைத்து அனுப்ப அவரைவிட்டால் யார் இருக்கிறார்கள்?"

தளவாய் அதற்கு ஒரு வால் சேர்த்தார். பௌர்ணமி மாலை பொழுது சாயும்போது, விலக்குப் பெறாத அக்கரைப் பிறப்பு ஒன்றாவது இக்கரையில் மிச்சமிருந்தால், ஏகாம்பரமும் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஆற்றைக் கடந்துவிட வேண்டும். ஏகாம்பரம் இளகிய மனசுக்காரர். யாராவது ஒருத்தி அழுதால் விட்டுவிடுவார். அந்த ஒருத்தியே போதும் என்பது இருவரின் கணக்கு.

ஏகாம்பரம் எழுந்து வணங்கினார். மெலிந்த உடம்பு, பெரிய காதுகள். சபையில் சிரிக்காத ஒரே மனிதர் அவர்தான்.

"உத்தரவு, மகாராஜா. ஒரே ஒரு சந்தேகம். நான் கைகாட்டும் ஆளைக் காவலர்கள் கேள்வி கேட்காமல் பரிசலில் ஏற்றுவார்களா?"

"ஏற்றுவார்கள்."

"அந்த ஆள் எனக்கு வேண்டியவராக இருந்தால்?"

"இருந்தாலும்."

"மகாராஜாவுக்கு வேண்டியவராக இருந்தால்?"

ராஜா ஒரு கணம் தயங்கினார். பிரதானி தயங்கவில்லை. "ஆணைக்கு முன்னால் வேண்டியவர் வேண்டாதவர் கிடையாது. அதையும் எழுதிவிடுகிறேன்," என்று சொல்லி எழுதியும்விட்டார். ராஜா செங்கோலின்மேல் கைவைத்து, யாராக இருந்தாலும் சரி என்று சத்தியம் செய்தார்.

தமுக்கு ஊரைச் சுற்றி வந்தது. பயந்தவர்கள் முதல் நாளே கிளம்பிவிட்டார்கள். குயவர் தெருவில் பாதி வீடு காலியானது. பாதியில் நின்ற கிணறுகளை அப்படியே போட்டுவிட்டு வெட்டுகிறவர்கள் போனார்கள். ஏகாம்பரம் துறையில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் கண்டால் ஜனங்கள் விலகி நடந்தார்கள். கோமாளி என்று நினைத்தோம், இவனும் அவர்களில் ஒருத்தன்தான் என்று காதுபடவே சொன்னார்கள். காது பெரிதாக இருந்ததால் எல்லாம் நன்றாகவே கேட்டது.

செங்கமலம் மட்டும் விலகவில்லை. நேரே அவர் முன்னால் வந்து நின்றாள். தோளில் குழந்தை.

"நீங்கதான் எங்கள அனுப்புறவுகளா?"

"ஆமா தாயி. அந்த வேலைய என் தலையிலதான் கட்டியிருக்காக."

"நான் போறேன். போகமாட்டேன்னு சொல்லல. இவள என்ன செய்யச் சொல்றீக? இவ இங்க பொறந்தவளாம், ஆத்தத் தாண்டக் கூடாதாம். காவக்காரவுக வந்து சொல்லிட்டுப் போறாக. பசிச்சு அழுதா இவளுக்கு யாரு பால் குடுக்குறது? தளவாய் குடுப்பாரா?"

ஏகாம்பரம் குழந்தையைப் பார்த்தார். அது அவருடைய காதைப் பிடிக்க எட்டியது. ஏதாவது கேட்கவேண்டுமே என்று கேட்டார்.

"இது உனக்குத் தலைப்பிள்ளையா?"

"ஆமா."

"தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குத்தானே போவாக. நீ ஏன் போகல?"

"போகத்தான் கெளம்புனேன். அன்னிக்குன்னு பாத்து ஆத்துல வெள்ளம். பரிசல் எறங்கல. புருசன் வீட்டுலயே பெத்துட்டேன். ஊரே வாயில விரல வச்சுது, தலைப்புள்ளையப் போயி யாராச்சும் புருசன் வீட்டுல பெப்பாகளான்னு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்த வெள்ளம் மட்டும் வராம இருந்திருந்தா இவளும் அக்கரையிலதான் பொறந்திருப்பா. ரெண்டு பேரும் ஒண்ணாவே போயிருப்போம்."

ஏகாம்பரம் ஆற்றைப் பார்த்தார். திரும்பிக் கோட்டையைப் பார்த்தார். தலைப்பிள்ளையை யாராவது புருஷன் வீட்டில் பெறுவார்களா என்று தனக்குத்தானே ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"நீ இப்பப் போக வேண்டாம் தாயி. பௌர்ணமியன்னிக்குச் சாயங்காலம் புள்ளையத் தூக்கிக்கிட்டு இங்க வா. உனக்குக் கடைசிப் பரிசல்."

கடைசிப் பரிசலானாலும் பரிசல் பரிசல்தானே. அவள் அவரை நம்பவில்லை. ஆனால் குழந்தையோடு இன்னும் சில நாள் இருக்கலாம் என்பதற்காகத் திரும்பிப் போனாள்.

மறுநாளிலிருந்து ஏகாம்பரம் துறைக்கு வரவில்லை. பெரிய வீடுகளுக்குப் போய் அந்த வீட்டு மூத்த பெண்மணிகளிடம் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு என்ன பேச்சு? உங்கள் தலைப்பிரசவம் எப்படி நடந்தது என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடுவார். இந்தப் பேச்சை எடுத்துக்கொடுத்தால் எந்தத் தாய் நிறுத்துவாள்? பிரதானியின் தாயார் அம்மா வீட்டில் தனக்கு ஊற்றிய நெய்யிலிருந்து ஆரம்பித்து, பிள்ளை காலை முன்னே நீட்டிப் பிறந்தது வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னார். தளவாயின் தாயார், தன் பிறந்த வீட்டில் வாசலுக்குப் பந்தல் போட்டுக் காத்திருந்தார்கள் என்றார். பிரதானிக்கும் தளவாய்க்கும் செய்தி எட்டியது. பைத்தியம், கதை கேட்டுத் திரிகிறான், பௌர்ணமி வரட்டும் என்று சிரித்துக்கொண்டார்கள்.

கடைசியாக ஏகாம்பரம் ராஜமாதாவைப் பார்க்கப் போனார். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்தபோது வாயில் வெற்றிலை இருந்தது, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பௌர்ணமி வந்தது. ஏகாம்பரம் மத்தியானமே துறைக்கு வந்து, பரிசல்களையெல்லாம் கரையோரமாகக் கட்டச் சொன்னார். பொழுது சாயும்போது எல்லாக் கயிற்றையும் ஒரே நேரத்தில் அவிழ்க்கலாம் என்று பரிசல்காரர்களிடம் சொல்லி வைத்தார். மேட்டில் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு கூடியிருந்தார்கள். பிரதானியும் சபையாரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். தளவாய் வீரகண்டர் மீசையை முறுக்கிக்கொண்டு காவலர்களோடு நின்றார்.

"ஏன் ஐயா இன்னும் யாரையும் ஏற்றவில்லை?" என்று தளவாய் அதட்டினார்.

"முதல் மரியாதை யாருக்கு என்று யோசிக்கிறேன்," என்றார் ஏகாம்பரம். "கோயில் தேரானாலும் கல்யாணப் பந்தியானாலும் நம் ராஜ்யத்தில் முதல் மரியாதை இல்லாமல் எதுவும் தொடங்கியதில்லையே. பரிசல் மட்டும் எப்படித் தொடங்கும்? பெரியவர்களிடமிருந்துதான் தொடங்கவேண்டும். தளவாயாரே, தாங்கள் வீட்டுக்கு மூத்த பிள்ளைதானே?"

தளவாயின் மார்பு விரிந்தது. "பின்னே? மூத்தவனுக்குத்தானே தளவாய்ப் பட்டம்."

அந்த ராஜ்யத்தில் எல்லாப் பதவியும் மூத்தவனுக்குத்தான். அப்பன் பிரதானி என்றால் மூத்த மகன் பிரதானி. இளையவன் வயலைப் பார்க்கவேண்டியதுதான்.

ஏகாம்பரம் அரச மரத்தடிப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே ஒரு வில்வண்டி நின்றது. அதிலிருந்து தளவாயின் தாயார் இறங்கி வந்து, தன் மூத்த மகன் அக்கரையில், தன் அம்மா வீட்டில், பந்தல் போட்ட வாசலுக்கு உள்ளே பிறந்தான் என்று ஊரறியச் சாட்சி சொன்னார். சொல்லும்போது அவருக்குப் பெருமை தாங்கவில்லை. பிறப்பை நேரில் கண்டவர்தானா என்று யாரும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

ஏகாம்பரம் கையை உயர்த்தித் தளவாயைக் காட்டினார். காவலர்கள் திகைத்தார்கள். ஆனால் கைகாட்டும் ஆளைக் கேள்வி கேட்காமல் ஏற்றவேண்டும் என்று அவர்களுக்கு உத்தரவு போட்டவரே தளவாய்தான். சொன்னபடி செய்தார்கள். தளவாய் பரிசலுக்குள் விழுந்தார். பரிசல் ஒரு சுற்றுச் சுற்றியது.

பிறகு பிரதானி. அவர் சண்டை போட்டார். பெரிய வீட்டுக்கு விலக்கு உண்டு என்று ஆணையை எடுத்துக் காட்டினார். ஏகாம்பரம் அதைப் பொறுமையாக வாசித்துவிட்டு, இதில் பெண்களுக்கு என்றல்லவா எழுதியிருக்கிறீர்கள், வேண்டுமானால் ஒரு சேலைக்குச் சொல்லி அனுப்பவா என்று கேட்டார். பிரதானி ஒரு கணம் யோசித்ததாகவே பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அவரும் ஏறினார். அடுத்து ராஜ புரோகிதர், அரண்மனை வைத்தியர், குதிரைப்படைத் தலைவர். எல்லாரும் மூத்த பிள்ளைகள். எல்லாருடைய தாயாரும் ராஜமாதா சொல்லியனுப்பியபடி வில்வண்டியில் வந்திருந்தார்கள். ஒருவர் சொன்னதைவிட அடுத்தவர் தன் பிறந்த வீட்டுப் பெருமையைக் கூட்டித்தான் சொன்னார். மேட்டில் நின்ற ஜனங்கள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிறகு பொத்தவும் இல்லை.

ராஜா வந்து சேர்ந்தபோது அவருடைய சபை முழுவதும் ஆற்றில் மிதந்துகொண்டிருந்தது. என்ன இது என்று கேட்டார். ஏகாம்பரம் சொன்னார். ராஜாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஒரு கையால் ஏகாம்பரத்தின் தோளையும் மறு கையால் தன் வயிற்றையும் பிடித்துக்கொண்டு சிரித்தார். பரிசலிலிருந்து பிரதானி இரண்டு கையையும் கூப்பி, எங்களைக் காப்பாற்ற வேண்டும் மகாராஜா என்று கதறினார்.

"முடியாது, பிரதானியாரே," என்றார் ராஜா, கண்ணீரைத் துடைத்தபடி. "ஆணைக்கு முன்னால் வேண்டியவர் வேண்டாதவர் கிடையாது என்று எழுதியது யார்? செங்கோலின்மேல் சத்தியம் செய்திருக்கிறேன். அக்கரையில் பிறந்தவர் யாராக இருந்தாலும் போகவேண்டியதுதான்."

"அப்படியானால் இன்னும் ஒருவர் பாக்கி, மகாராஜா," என்றார் ஏகாம்பரம்.

"யார் அது? காட்டு."

ஏகாம்பரம் கையை உயர்த்தவில்லை. அரச மரத்தடியில் கடைசியாக வந்து நின்ற பல்லக்கை நோக்கித் தலை வணங்கினார். ராஜமாதா இறங்கி மெல்ல நடந்து மகனிடம் வந்தார். ராஜாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"எங்கம்மா வீட்டுலதான் உன்னைப் பெத்தேன்," என்றார் ராஜமாதா. "தலைப்பிள்ளையை வேற எங்க பெப்பாங்க? சேதி கேட்டு உங்கப்பா அவசரமா வந்து, அக்கரையில இறங்கும்போது வழுக்கித் தண்ணியில விழுந்தார். மூணாம் மாசம் உன்னை என் மடியில வச்சு இந்தத் துறையிலதான் கொண்டுவந்து இறக்கினோம். ஊரே வந்து நின்னுச்சு. இந்தப் பிள்ளை எங்க பொறந்துச்சுன்னு அன்னைக்கு ஒருத்தரும் கேக்கல."

பரிசல்கள் கரையில் இடித்துக்கொள்வது மட்டும் கேட்டது. ராஜாவின் கை வாளின் பிடிக்குப் போனது.

"ஏகாம்பரம். இதற்கு உன் தலையை வாங்கினால் என்ன?"

"வாங்கலாம், மகாராஜா. பொழுது சாய இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது. அதுவரை தாங்கள் இந்த ஊர் ராஜா. சாய்ந்த பிறகு அக்கரைக்காரர். இங்கே யார் தலையையும் வாங்க முடியாது. யோசிக்க நேரம் குறைவு."

சொல்லிவிட்டு ஏகாம்பரம் வாளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் உண்டு. ராஜா வாளை உருவவும் இல்லை, கையை எடுக்கவும் இல்லை. அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தின் ஓரத்தில் ஒரு குழந்தை பசித்து அழுதது. ராஜா திரும்பிப் பார்த்தார். செங்கமலம் குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டு நின்றாள். கடைசிப் பரிசலுக்கு வந்தவள். பருத்தி வேட்டியில் பார்த்த அந்த மீசையைப் பட்டுக்கு மேலே இப்போது பார்த்தாள். பயத்தில் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் அவள் மெதுவாக, பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

"நான் அன்னிக்கே கேட்டேனே சாமி, அக்கரையான்னு."

ராஜா அவளையே பார்த்தார். தன் இடது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். முதலில் இருமல் போலத்தான் வந்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு அந்தத் துறை இதுவரை கேட்டிராத ஒரு சிரிப்பு. சிரிப்புக்கு நடுவே, கேட்டாள், ஆமாம் கேட்டாள் என்றார். அம்மாவைப் பார்த்து மறுபடி சிரித்தார். மேட்டில் நின்ற ஜனங்களும் சிரித்தார்கள். அவர்களில் சிலர் அழுதுகொண்டும் சிரித்தார்கள்.

"சரி," என்றார் ராஜா, மூச்சு வாங்க. "பொழுது சாய்கிறது. சத்தியம் சத்தியம்தான். அக்கரையில் பிறந்தது போயாகவேண்டும். நான் போனால் இந்த ராஜ்யத்தை யார் பார்ப்பது?"

ஏகாம்பரம் பரிசல் பக்கம் திரும்பினார். "பிரதானியாரே, இந்த ஆணையை எழுதினீர்களே, ஓலை எந்தப் பனையில் வெட்டியது?"

"அக்கரைப் பனை," என்றார் பிரதானி, இருந்த இருப்பிலும் பழக்கம் விடாமல். "இக்கரை ஓலை இரண்டு மழைக்குத் தாங்காது."

"அக்கரையில் பிறந்ததுதான், மகாராஜா. முதல் மரியாதையும் இதற்குத்தான். இதைவிடப் பெரியவர் இந்த ராஜ்யத்தில் இப்போது யாரும் இல்லையே. இது முதலில் போகட்டும். இது போன பிறகும் எங்களைப் போகச் சொல்ல யாராவது மிச்சமிருந்தால், நாங்கள் எல்லாரும் போகிறோம்."

ராஜா ஓலையைத் தன் கையாலேயே வாங்கினார். காலியாக இருந்த கடைசிப் பரிசலில், செங்கமலத்துக்கென்று வைத்திருந்த அதே பரிசலில், அதை வைத்தார். கயிற்றை அவிழ்த்துக் காலால் ஒரு தள்ளுத் தள்ளினார். பரிசல் இரண்டு சுற்றுச் சுற்றி நடு ஆற்றுக்குப் போய், இழுப்பில் சிக்கி, வளைவைத் தாண்டி மறைந்தது. போனது திரும்பலாகாது என்று அதிலேயே எழுதியிருந்தது. அது திரும்பவில்லை.

சபையைக் கரையேற்றினார்கள். பரிசல் சுற்றிய சுற்றில் தளவாயால் நேராக நிற்க முடியவில்லை. அவருடைய தாயார்தான் கையைப் பிடித்து வில்வண்டிக்குக் கூட்டிப்போனார். ராஜா தன் கழுத்திலிருந்த முத்து மாலையைக் கழற்றி ஏகாம்பரத்துக்குப் போடப் போனார். ஏகாம்பரம் ஓரடி பின்வாங்கி, இந்த முத்துகள் எங்கே பிறந்தவையோ என்று கேட்டார். கடலில் பிறந்தவை, வாயை மூடிக்கொண்டு குனி என்று சொல்லி ராஜா மறுபடியும் சிரித்தார். அந்த மாலையோடு, துறையும் இனி உன் பொறுப்பு என்று பரிசல்களையும் அவரிடமே விட்டார். தளவாய்க்குக் கோட்டைச் சுவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை மட்டும் மிஞ்சியது.

செங்கமலம் குழந்தையோடு அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து, முந்தானையால் மூடிக்கொண்டு பால் கொடுத்தாள். அழுகை நின்றது. விடிந்ததும் முதல் பரிசலில் குயவர்கள் திரும்பி வந்தார்கள். கிணறு வெட்டுகிறவர்களும் வந்து, விட்ட இடத்திலிருந்து தோண்டத் தொடங்கினார்கள்.

ராஜா நகர்வலத்தை விடவில்லை. கொஞ்ச நாள் கழித்துப் பழையபடி பருத்தி வேட்டியும் அதே மீசையுமாகக் கிழக்கு வீதிக்கு வந்தார். புங்க மரத்தடியில் மோர் கேட்டு, இடது கையை விரித்து நீட்டினார். செங்கமலம் உள்ளங்கையில் உப்பை வைத்தாள். எந்த ஊர் என்று கேட்கவில்லை. அவர் குடித்து முடித்துக் காசை நீட்டினார்.

அவள் இந்தத் தடவையும் வாங்கவில்லை.